முதலில் கிணத்தடியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் முன்வாசலால் நுழைந்து, ஹோலைப் பார்த்து, அறைகளை எண்ணி, குசினியில் மாபிள் பதித்திருக்கிறதா என்று கவனித்துவிட்டு, கடைசியில்தான் பின்வளவுக்குப் போகிறார்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டும். கேற்றைத் திறந்ததும் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கிணத்தடிக்குப் போங்கள். அறையின் அளவும் மாபிளும் சொல்லப்பட்ட வாடகைக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும். தண்ணீர், மின்மீற்றர், அட்வான்ஸ் ஆகிய மூன்றும் அதற்குள் அடங்காது. இருபத்தையாயிரம் என்று பேசி எடுத்த வீட்டுக்கு மாதம் முப்பத்தையாயிரம் போவது இந்த மூன்றாலும்தான்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு படையாக மிதந்து நிற்கிறது. எல்லாக் கிணறும் அந்தப் படையிலிருந்துதான் எடுக்கிறது. ஆறுதலாக அள்ளும்வரை நன்னீர். மோட்டர் போட்டு வேகமாக இழுத்தால் கீழே நிற்கும் உவர் மேலே ஏறும். அதனால் ஒரு வாளி அள்ளிப் பார்த்து "நல்ல தண்ணி" என்று முடிவுகட்ட முடியாது. முதலில் வாளித் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். பிறகு மோட்டரைப் போடச் சொல்லி இருபது நிமிடமாவது ஓடவிட்டு, குழாயில் வருவதை மறுபடி கொப்பளித்துப் பாருங்கள். இரண்டாவது முறை உவர்ப்பு தட்டினால் அந்தக் கிணறு மோட்டருக்குத் தாங்காது. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கரையோர வீடுகளில் வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்கப் போகும் மாதமும் முக்கியம். மார்கழி, தையில் கிணறு நிரம்பி நிற்கும். எந்தக் கிணறும் அப்போது நல்ல கிணறுதான். ஆடி, ஆவணியில்தான் மட்டம் இறங்கி உவர் தெரியவரும். மழைக்காலத்தில் பார்ப்பவர் கிணற்றின் உட்சுவரில் பாசிக் கோடு எவ்வளவு ஆழம் வரை இறங்கியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும், பக்கத்து வீட்டிலும் விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரர் "எந்தக் கோடைக்கும் வத்தாது" என்றுதான் சொல்வார். மதிலுக்கு அங்காலே நிற்பவரிடம் "அன்ரி, ஆவணியில உங்கட கிணத்தில தண்ணி எப்பிடி?" என்று கேளுங்கள். அவருக்கு வாடகை கிடைக்கப் போவதில்லை, உள்ளதைச் சொல்வார். கோடையில் பார்ப்பவர் வேறொன்றைத் தேட வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேத்திலின் அடியையும் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். வெள்ளைப் படை தடிப்பாக இருந்தால் கல்சியம் கூடிய தண்ணீர். குடிப்பதற்கு ஆபத்தில்லை. ஆனால் சவுக்காரம் நுரைக்காது, குழாய்த் தலைகள் அடைக்கும், சுடுநீர்க் கருவி சீக்கிரம் போகும். இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது நைத்திரேற்று. அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் போடும் உரமும், வீடுகளின் மலக்குழிகளில் இருந்து கசிவதும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்கு வந்துவிடும். மணல் வடிகட்டுவதுபோல இந்தக் கல் வடிகட்டாது. "இனிப்புத் தண்ணி" என்று பெயரெடுத்த இடங்களிலேயே இது கூடுதலாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணீரைப் பாவிக்கக் கூடாது. குழந்தை இருக்கும் குடும்பம் பரிசோதிக்காமல் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை. எங்கே கொடுத்துப் பார்ப்பது என்று அந்தப் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார்.

கிணற்றிலிருந்து மலக்குழி எத்தனை அடி என்று கால்களால் எட்டி வைத்து அளந்துவிடுங்கள். 50 அடிக்குள் இருந்தால் குளிக்க, உடுப்புத் தோய்க்க மட்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் வளவுக் குழியை மட்டும் அளந்தால் போதாது. காணிகள் இரண்டு பரப்பும் ஒரு பரப்புமாகத் துண்டுபட்ட இடங்களில் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு இன்னும் கிட்டவாக இருக்கும்.

ஆகவே பெரும்பாலான வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் வாங்க வேண்டி வரும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 12 லீற்றர் வைத்துக்கொண்டால் மாதம் 360 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் 18. உங்கள் ஒழுங்கைக்கு வரும் ஆர்.ஓ. (வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணீரின் விலையால் பெருக்கி வாடகையோடு கூட்டிவிடுங்கள். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்ட பிறகு குழாய் நீர் கிடைக்கும் இடங்கள் கூடியிருக்கின்றன. வீதியில் குழாய் போவது வேறு, வீட்டுக்கு இணைப்பு இருப்பது வேறு. இணைப்பு இருந்தால் கடைசி மாதப் பில்லையும் எந்தெந்த நேரம் தண்ணீர் வருகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.

அடுத்தது மீற்றர். அனெக்ஸ், மேல்மாடி, வீட்டின் ஒரு பாதி என்று எடுப்பவர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

வீட்டுப் பாவனை மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு அட்டவணை. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணை. அதற்குள் 90, 120, 180 என்று படிகள், நிலையான கட்டணமும் கூடவே ஏறும். இரண்டு குடும்பம் ஆளுக்கு 55 அலகு பாவிக்கிறது என்று வைப்போம். தனித்தனி மீற்றர் என்றால் இருவரும் மலிவான அட்டவணையில் நிற்பார்கள். ஒரே மீற்றர் என்றால் 110 அலகு, இருவருமே மேல் அட்டவணையில் கட்டுவார்கள். யாரும் கூடுதலாக ஒரு பல்ப்கூடப் போடவில்லை, பில் மட்டும் ஏறிவிட்டது. "மீற்றர் ஒண்டுதான், பாதி பாதியாப் பிரிப்பம்" என்று வீட்டுக்காரர் சொல்வது நேர்மையான பேச்சாக இருக்கலாம், ஆனாலும் உங்களுக்கு நட்டம். அவர்கள் வீட்டில் ஏ.சி. ஓடினால் இன்னும் நட்டம்.

சப் மீற்றர் பூட்டித் தருவதாகச் சொன்னால் நல்லது. அலகுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் போடும் விலைக்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம். அந்த மாதப் பில்லின் மொத்தத் தொகையை மொத்த அலகால் வகுத்து, வருவதை உங்கள் அலகால் பெருக்குவதுதான் நியாயமான கணக்கு. அதற்கு மெயின் மீற்றரை வாசிக்க ஆள் வரும் அதே நாளில் சப் மீற்றரையும் வாசிக்க வேண்டும், பில்லின் படம் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு வர வேண்டும். கீழே கடை இருக்கும் கட்டடமானால் மீற்றர் எந்தப் பாவனையில் பதிந்திருக்கிறது என்று பில்லில் பாருங்கள். வியாபார இணைப்பில் வீடு நடத்தினால் கட்டணமே வேறு.

தண்ணீர் மோட்டர் எந்த மீற்றரில் ஓடுகிறது என்பதை வாயால் கேட்டு அறிய முயலாதீர்கள். உங்கள் பகுதியின் மெயின் சுவிற்சை விழுத்திவிட்டு மோட்டரைப் போடச் சொல்லுங்கள். ஓடினால் அது உங்கள் மீற்றரில் இல்லை. நின்றால், முழு வளவுக்கும் நீங்கள்தான் தண்ணீர் இறைத்துக் கொடுக்கப் போகிறீர்கள். ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறத்தாழ ஒரு அலகு எடுக்கும். தினம் ஒரு மணித்தியாலம் என்றால் மாதம் 30 அலகு. 60இன் கோட்டுக்குக் கீழே நிற்க நினைக்கும் குடும்பத்துக்கு இது பாதித் தொகை. மெயின் சுவிற்சை விழுத்தும்போதே, மின்கசிவில் தானாக விழ வேண்டிய ட்ரிப் சுவிற்சின் பரிசோதனைப் பொத்தானையும் அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதை மாற்றித் தரும்வரை குடிபுக வேண்டாம். பழைய வயறிங் உள்ள ஈரச் சுவர் வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை.

இனி அட்வான்ஸ். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கிடக்கின்றன. ஒன்று, மாத வாடகையில் கழித்துக்கொண்டு போவது. மற்றது, வீடு விடும்போது திருப்பித் தருவது. "ஒரு வருச அட்வான்ஸ்" என்று கேட்டால் இதில் எது என்று அந்த இடத்திலேயே தெளிவாக்க வேண்டும். பாதியைக் கழித்துப் பாதியைக் கையில் வாங்குவோரும் உண்டு.

நம்மில் பலர் இந்தக் காசுக்கு நகையை அடகு வைக்கிறோம். அதற்கான வட்டியும் வாடகைதான். கணக்குக் காட்டுவதற்காக மட்டும் இலக்கங்களை எடுப்போம்: வாடகை 25,000, ஒரு வருட அட்வான்ஸ் 300,000, அடகு வட்டி ஆண்டுக்கு 15 வீதம். கழிக்கிற அட்வான்சாக இருந்து, மிச்சமாகும் 25,000ஐ ஒவ்வொரு மாத முடிவிலும் அடகுக்கே கட்டிக்கொண்டு வந்தால் வருட வட்டி 24,375 ரூபா. வாடகையில் மாதம் ஏறத்தாழ 2,000 கூடியது போல. திருப்பித் தருகிற அட்வான்சாக இருந்தால் வருடம் முழுக்க 300,000க்கும் வட்டி, 45,000 ரூபா, மாதம் 3,750. அதாவது 27,700 வாடகைக்கு இதே மாதிரித் திருப்பித் தருகிற மூன்று மாத அட்வான்சோடு கிடைக்கும் வீடு, 25,000க்கு ஒரு வருட அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்கு ஏறத்தாழச் சமன். இப்படியான அட்வான்சுக்குப் பேரம் பேசும்போது வாடகையை ஆயிரம் குறைக்கக் கேட்பதைவிட அட்வான்சை ஆறு மாதமாகக் குறைக்கக் கேட்பது உங்களுக்குக் கூடுதல் லாபம், வீட்டுக்காரருக்கும் அது அவ்வளவு உறைக்காது.

காசு கொடுக்க முன் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இங்கே வீடு பெரும்பாலும் மகளின் சீதனம். உறுதி அவர் பெயரில் இருக்கும், அவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார், சாவி சித்தப்பாவின் கையில் இருக்கும். "அக்கா வெளியில, நான்தான் பாக்கிறன்" என்று சொல்பவருக்கு எழுத்தில் அதிகாரம் இருக்க வேண்டும். அற்றோணித் தத்துவத்தின் பிரதியைக் கேளுங்கள். இல்லையென்றால் உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் பேசி, தொகையையும் காலத்தையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கி, காசை அவரது வங்கிக் கணக்குக்கே போடுங்கள். அண்ணன் தம்பி பங்கு பிரியாத வீடாக இருந்தால் ஒருவர் வாடகைக்கு விட்டதை மற்றவர் வந்து கேள்வி கேட்பார். உறுதியில் எத்தனை பெயர் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

எழுத்து விஷயத்தில் சட்டம் பழையது, தெளிவானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத் தாளில் இருவரும் கையெழுத்து வைத்து "இரண்டு வருசத்துக்கு" என்று எழுதினால் அந்த இரண்டு வருடம் குத்தகையாக நிற்காது. வாடகை கட்டி வாங்குவதால் மாதாமாத வாடகை உறவு ஒன்றுதான் மிஞ்சும். அப்போது உங்களைக் காப்பது பற்றுச்சீட்டும் வங்கி வரவுப் பதிவும்தான். கையில் காசாகக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவதை நிறுத்துங்கள். முடிவு திகதி எழுதியிருந்தால் அதை மெய்யான திகதியாகவே எடுக்க வேண்டும்: 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வளவை நீதிமன்றம் மூலம் சுருக்கமான வழியில் மீட்க வீட்டுக்காரருக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதே நேரம், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் மின்சாரத்தை வெட்டியோ கிணற்றுக் கதவைப் பூட்டியோ எழுப்ப அவருக்கு உரிமையில்லை.

உடன்படிக்கை தமிழில் இருக்கட்டும், ஒவ்வொரு வரியையும் வாசித்து ஒப்பமிடுங்கள். மோட்டர் பழுதானால் யார் திருத்துவது, மலக்குழி நிரம்பினால் பவுசருக்கு யார் கட்டுவது, கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது யார், இவை எழுதப்படாமல் போவதால்தான் பிறகு சண்டை. நியாயம் என்னவென்றால், வளவோடு நிலையாக நிற்பதை வீட்டுக்காரரும், பாவனையால் தேய்வதை இருப்பவரும் பார்க்க வேண்டும். சோலைவரி வீட்டுக்காரருடையது. பிள்ளையை முதலாம் வகுப்புக்குச் சேர்க்க இருப்பவர்கள் நொத்தாரிசு எழுத்தைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்க வேண்டாம். கிராம சேவகரிடம் பதிந்து வாக்காளர் இடாப்பில் பெயரும் ஏற வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் வாடகைக்கு விடுவார்கள், அந்த முகவரியில் பதிய விடமாட்டார்கள்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. வீடு கேட்டுப் போகும்போது "நீங்கள் எவடம்? ஆற்றை ஆக்கள்?" என்று தொடங்கி, ஊர், குறிச்சி, கோயில், தகப்பன் பெயர் என்று போகும் கேள்விகள் சாதி அறியத்தான். சமயம் வேறென்றாலும் மலையகத்திலிருந்து வந்தவரென்றாலும் "வீடு குடுத்தாச்சு" என்று கதவு மூடப்படுகிறது. வாடகையை ஒழுங்காகக் கட்டுவாரா, வீட்டைக் கவனமாக வைத்திருப்பாரா என்பதற்கு மேல் எதையும் அறிய ஒரு வீட்டுக்காரருக்குத் தேவையில்லை. இது அநியாயம். வீடு வைத்திருப்பவர்கள் இதை விட வேண்டும். தேடுபவர்களுக்கு ஒரு நடைமுறை வழி: முன்பு இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் வேலை இடத்துக் கடிதத்தையும் முதலிலேயே நீட்டி, பேச்சை அந்தப் பக்கம் திருப்புங்கள். மச்சம் சமைக்கக் கூடாது என்று கேட்பது அப்படியல்ல, அது வீட்டுப் பழக்கம் பற்றியது. உங்களுக்கு ஒத்துவராவிட்டால் அந்த வீட்டை விடுங்கள், மறைத்துச் சமைத்துச் சீவிக்க முடியாது.

கோடையில் பார்ப்பவர் தேட வேண்டியது வெள்ளத்தின் தடம். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரே மட்டமாகப் பழுப்புக் கோடு ஓடுகிறதா, கதவு நிலைகளின் அடி உப்பியிருக்கிறதா, பிளக் போயின்றுகள் அண்மையில் உயர்த்தப்பட்டிருக்கின்றனவா? 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் ஃபெங்கல், இந்த இரண்டு புயலின்போதும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று ஒழுங்கையில் கேளுங்கள். வெள்ளம் வந்த வளவில் கிணறும் மலக்குழியும் ஒன்றாகிவிடும். பழைய சுண்ணாம்புச் சுவர்களில் வெள்ளைத் தூள் கொட்டுவது உவர் ஏறுவதால். மேலே பெயின்ற் அடித்து மறைத்தாலும் அடுத்த மாரிக்கு வந்துவிடும். அந்தச் சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காதீர்கள்.

மேல்மாடி அறையைப் பின்னேரம் நான்கு மணிக்கும் பார்க்க வேண்டும், இரவு எட்டு மணிக்கும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பிளாற் (கொங்கிறீற்றுக் கூரை) பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவில் கக்கும். சீற் கூரை பகலில் தாங்காது, இரவில் சீக்கிரம் ஆறும். ஓட்டு வீடு இரண்டையும் விட நல்லது, மாரிக்கு முன் ஓடு மாற்றித் தருவார்கள் என்றால்.

எந்தப் பகுதி? பல்கலைக்கழகத்தைச் சுற்றித் திருநெல்வேலி, கலட்டி, இராமநாதன் வீதிப் பக்கம் தலைக்கு இவ்வளவு என்று அறை வாடகை போகும். குடும்பத்துக்கு அது கட்டாது. பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டவும் அப்படித்தான். கொக்குவில், கோண்டாவில், இணுவில், மானிப்பாய், அரியாலை என்று வெளியே போகப் போக வாடகை இறங்கும். இரவில் பஸ் அருகிவிடும், ஓட்டோக் காசு அந்த மிச்சத்தைத் தின்னும். நிலம் மட்டமானது என்பதால் ஐந்து கிலோமீற்றருக்குள் சைக்கிள்தான் உண்மையான மலிவு. நல்லூர்க் கோயிலைச் சுற்றி எடுப்பவர்கள், திருவிழாவின் 25 நாளும் வீதிகள் மறிக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டிலிருந்து உரிமையாளர்கள் வருவார்கள். "ஒரு மாசம் மட்டும் மேல் அறையை விட்டுத் தாங்கோ" என்ற கேள்வி அப்போதுதான் வரும், அதற்கும் உடன்படிக்கையில் ஒரு வரி வேண்டும். அரச இடமாற்றங்கள் தையோடு நடப்பதால் மார்கழியில் வீடுகள் காலியாகும். தேட நல்ல காலம் அது. கிணறு மட்டும் அப்போது பொய் சொல்லும்.

குடிபுகும் அன்றே மீற்றர் இலக்கம், சுவர்கள், குழாய்கள், கூரை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வெளிக்கதவுப் பூட்டை மாற்றுங்கள். விடும்போது அட்வான்ஸ் திரும்பி வருவதில்தான் இழுபறி. "புது ஆள் வந்து அட்வான்ஸ் தரட்டும், அதில தாறன்" என்பது வழக்கமான பதில், ஏனென்றால் உங்கள் காசு எப்போதோ செலவாகிவிட்டது. ஆகவே அறிவித்தல் கொடுக்கும் காலத்தைக் கணக்கில் வைத்து, மிச்சமிருக்கும் அட்வான்சைக் கடைசி மாதங்களின் வாடகையில் கழிக்கலாம் என்ற வரியைத் தொடக்கத்திலேயே எழுத வையுங்கள். கடைசி மின்சாரப் பில் நீங்கள் போன பிறகுதான் வரும். அதற்கென முந்தின மூன்று மாதச் சராசரியை மட்டும் அவர் பிடித்து வைக்கட்டும், மீதியைச் சாவி கைமாறும் அதே நேரம் தர வேண்டும். தராவிட்டால் மத்தியஸ்த சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அங்கே சட்டத்தரணி வந்து வாதாட இடமில்லை; உங்கள் பற்றுச்சீட்டுகளும் அந்தப் படங்களும் போதும்.